எட்டில் நிறுத்தச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

இரும்பு தூக்கக் கற்றுக்கொடுக்கும் தொழிலில், இரும்பைவிடப் பாரமானது வருகிறவர்களின் அபிப்பிராயம். கல்முனை மெயின் வீதியில் ஒரு செருப்புக் கடையின் மேல்மாடியில் நான் ஜிம் நடத்துகிறேன். கீழே செருப்பு வாங்க வருகிறவன், கடைக்காரர் காலைப் பார்த்துச் சொல்லும் அளவை மறுபேச்சில்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டு போகிறான். மேலே வருகிறவன் அப்படியில்லை. "மாஸ்டர், எத்தின தரம் அடிக்கிற?" என்று கேட்பான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அடிக்கத் தொடங்கிவிடுவான்.

பதில் ஒன்றும் புதையல் ரகசியமில்லை. புதிதாக வருகிறவர், எட்டுத் தரம் ஒழுங்காகத் தூக்கக்கூடிய ஒரு பாரத்தை எடுக்க வேண்டும். எட்டாவது முடியும்போது இன்னும் ஒன்றிரண்டு தரம் தூக்கலாம் போலத் தெம்பு மிஞ்சியிருக்க வேண்டும். அந்தத் தெம்பைத் தொடாமல் நிறுத்திவிட வேண்டும். மூச்சு வாங்கிவிட்டு இன்னும் இரண்டு சுற்று. நாள் போகப் போக அதே பாரம் பத்துத் தரம் வரும், பன்னிரண்டு வரும். வந்துவிட்டால் பாரத்தைக் கொஞ்சம் கூட்டி, மறுபடியும் எட்டுக்கு இறங்க வேண்டும். அவ்வளவுதான். இதைச் சொல்வதற்கு ஒரு பிளேன்டீ ஆறுகிற நேரம்கூடத் தேவையில்லை. கேட்க வைப்பதற்குத்தான் ஆயுள் காணாது. தையல்காரர்கள், சலூன்காரர்கள், டியூஷன் வகுப்பு நடத்துகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், ஆலோசனை கேட்க வந்து ஆலோசனை சொல்லிவிட்டுப் போகும் இந்தச் சாதியை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

கதிரை

லெத்தீப் காக்காவுக்கு (எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன்) அறுபதை நெருங்குகிற வயது. காலமெல்லாம் புடவைக் கடையில் காசு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். போன வருடம் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு வீட்டிலும் கிடந்து, எழும்பியபோது தொடைகள் இரண்டும் வற்றிப் போயிருந்தன. எலும்பில் கோளாறு இல்லை, தசைதான் போய்விட்டது, பலப்படுத்தினால் சரியாகும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆனால் நெற்றியைத் தரையில் வைத்தால் அவரால் எழும்ப முடியாது. முதல் வரிசையில் நின்றே தொழுது பழகிய மனிதர், இப்போது வரிசையின் ஓரத்தில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து தொழுகிறார்.

அதையாவது அவர் பொறுத்துக்கொள்வார். பொறுக்க முடியாதது மருமகன் ஷிபான். மகளைக் கட்டி அந்த வீட்டிலேயே இருக்கிற இந்தப் பையன் வெள்ளிக்கிழமை தோறும் கதிரையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "மாமாட கதிரைக்கு வழி விடுங்க!" என்று கத்திக்கொண்டு பள்ளிவாசலுக்குள் முன்னால் போவான். மரியாதை செய்கிறானாம். முழுப் பள்ளியும் திரும்பிப் பார்க்கும். லெத்தீப் காக்கா தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போவார். "நோன்புக்கு முந்தி எனக்கு இந்தக் கதிரைய விடணும் மாஸ்டர்" என்று அவர் கேட்டபோது, கைப்பிடியைப் பிடித்து மாடிப்படி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கியிருக்கவில்லை.

முழங்காலுக்கும் பதிவான ஒரு பெஞ்சு வாங்கின் மேல் பலகைகளை அடுக்கி உயர்த்தினேன். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு அதில் மெல்லக் குந்தி, மெல்ல எழும்ப வேண்டும். பலம் வர வர ஒவ்வொரு பலகையாக எடுப்போம், பிறகு வாங்கையும் எடுப்போம், கடைசியில் தரை. எட்டுத் தரம் எழும்பினார். "நிப்பாட்டுங்க காக்கா, கொஞ்சம் இருந்து மறுபடி செய்வம்" என்றேன். பட்டப்பகலில் கடையைச் சாத்தச் சொன்னது போல என்னைப் பார்த்தார்.

"இந்த எட்டுக்கா மாஸ்டர் நான் இத்தினை படி ஏறி வந்த?"

முப்பத்துமூன்று

சமான் ஹாஜியார் அரிசி மொத்த வியாபாரி. வயிற்றைக் குறைக்க வந்தவர். தஸ்பீஹ் எண்ணுவதற்கு விரலில் மோதிரம்போல மாட்டிக்கொள்ளும் சின்ன மெஷின் ஒன்று வைத்திருப்பார். தொழுகைக்குப் பின் முப்பத்துமூன்று ஓதி எண்ணுவது நல்ல பழக்கம். அதே விரலோடு ஜிம்முக்கு வந்து, டம்பலையும் முப்பத்துமூன்று தரம் தூக்குவதுதான் கெட்ட பழக்கம். எட்டோ பத்தோ போதும் என்றால், எண்ணிக்கையில் கஞ்சத்தனம் பிடிக்கிற மாஸ்டர் என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். அவர் எடுக்கிற டம்பலோ, சந்தையில் மாங்காய் வாங்குகிறவர் கையில் வைத்து நிறை பார்க்கிற அளவு பாரம்தான். அதைத் தூக்கிக்கொண்டே சம்பாவின் விலை, நாட்டரிசியின் விலை, மில்காரனின் களவு எல்லாவற்றையும் சொல்லி முடிப்பார். இவ்வளவு கதைத்துக்கொண்டு தூக்க முடிந்தால் அது பாரமில்லை ஹாஜியார், விசிறி என்று சொல்லிப் பார்த்தேன். மெஷினை அமத்தியபடி தலையாட்டினார்.

அவர் தன்னோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நான் மறந்திருப்பேன். நான் கேபிள் கப்பியைத் திருத்திக்கொண்டிருந்த நேரம், பக்கத்தில் போய் நின்று லெத்தீப் காக்காவுக்கும் மெஷினை அமத்திக் கொடுத்திருக்கிறார். நான் திரும்பிப் பார்க்கும்போது காக்கா இருபதைத் தாண்டி முகம் வெளுத்து எழும்பிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்தினேன். மறுநாள் அவருக்குக் கட்டிலிலிருந்து இறங்கவே ஏலவில்லை. ஒரு கிழமைக்கும் மேல் ஜிம் பக்கம் வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஹாஜியாரைக் கூப்பிட்டு, உங்கள் எண்ணிக்கையால் அந்த மனிதரின் ஒரு மாத உழைப்பு மண்ணாய்ப் போச்சு என்று நேரடியாகவே ஏசினேன். அவர் கோபப்படவில்லை. என் தோளில் தட்டி ஆறுதல் சொன்னார்.

"எண்ணிக்கையில பிழ இல்ல மாஸ்டர், அவர் மனசில வெச்ச நிய்யத்துதான் கொஞ்சம் கொறஞ்சி போச்சி."

ஒன்றே ஒன்று

மருமகன் ஷிபானும் என்னிடம்தான் வருகிறான். இரும்பு தூக்க வருகிறான் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் நல்ல மனம். வீடியோ எடுக்க வருகிறான். எட்டுத் தரம் தூக்கினால் வீடியோ நீண்டுவிடுமாம், பார்க்கிறவர்கள் பாதியில் விட்டுவிடுவார்களாம். ஆகையால் ஜிம்மில் இருக்கிற தட்டுகளையெல்லாம் பொறுக்கி ஒரே கம்பியில் மாட்டி, ஒரே ஒரு தரம் தூக்குவது அவனுடைய கொள்கை. சேர்ந்து இரண்டு மாதம். பத்து வருடம் தூக்கினவனே யோசித்துத் தொடுகிற பாரத்துக்கு, இவன் முதலில் தலைமயிரைச் சீவிக்கொண்டு போவான்.

"மாமாவும் ஒருக்கா கம்பியக் கழுத்தில வெச்சு எழும்பினா வீடியோ சும்மா பறக்கும்" என்று ஒரு நாள் என்னிடமே வந்து சொன்னான். காய்ச்சலில் உருகிப்போன மனிதரின் முதுகில் கம்பி வைக்க வேண்டுமாம்! அந்தப் பேச்சை எடுத்தால் போனைத் தண்ணீர் வாளிக்குள் போடுவேன் என்றேன். சரி, நானே செய்து காட்டுகிறேன் என்று வாங்கில் மல்லாக்கப் படுத்தான். என்னைக் கேட்காமல் தாங்கியிலிருந்து கம்பியைக் கழற்றினான். கம்பி இறங்கும்போது மிக அழகாக இறங்கியது. இறங்கி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. ஷிபானின் வாயிலிருந்து வந்த சத்தத்தை இங்கே எழுத்தில் கொண்டுவர முடியாது. நானும் பக்கத்தில் நின்ற இன்னொருவரும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிவிட்டோம். அல்லாஹ் காப்பாற்றினான், விலா எலும்பு தப்பியது. சிவந்த நெஞ்சைத் தடவிக்கொண்டு அவன் முதலில் எடுத்தது தண்ணீரில்லை, போன்.

"எறங்கின வரைக்கும் கிளியரா வந்திரிக்கி மாஸ்டர், மத்தத வெட்டிப் போடலாம்."

சனியனுடைய எண்

யோகராசா சேர் பாண்டிருப்புத் தமிழர். கந்தோரில் அரசாங்க உத்தியோகம். எதையும் ஆராய்ந்து செய்கிறவர். அவர் ஜிம்முக்கு வந்து முதல் மூன்று கிழமையும் எதையும் தூக்கவில்லை; ஆராய்ந்தார். ஐந்துக்குக் கீழே என்றால் பலம், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை என்றால் சதை, பதினைந்துக்கு மேலே என்றால் தாங்குசக்தி என்று போனில் பார்த்ததையெல்லாம் என்னிடமே ஒப்புவித்தார். சேர், பச்சைப் புதியவனுக்கு எதைத் தூக்கினாலும் மூன்றும் வரும், முதலில் ஒன்றைத் தூக்குங்கள் என்றேன். அப்படியெல்லாம் எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்யக்கூடாது என்று எனக்குப் புத்தி சொன்னார். பயிர் செய்ய வந்தவர் வரம்பில் குந்தியிருந்து மழையைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தால் விளைச்சல் எப்படியிருக்கும்? அவருடைய கையும் அப்படித்தான் இருந்தது.

ஒருவழியாக எட்டு என்று ஒப்புக்கொண்டார். மறுநாள் வந்து ஏலாது என்றார். எட்டு சனியனுடைய எண்ணாம். அவருடைய பிறந்த திகதிக்கும் அது ஆகாதாம். ஒரு காரியத்தை எட்டில் முடித்தால் அது இழுபடுமாம். இதை அவர் சொல்லும்போது லெத்தீப் காக்கா பக்கத்து வாங்கில் குந்தியிருந்தார். சாத்திரம் பார்ப்பது மார்க்கத்தில் இல்லை என்று ஊருக்கே சொல்லுகிற மனிதர், எண் என்று வந்ததும் மெல்ல என் பக்கம் சாய்ந்து, "அதான் எனக்கும் இழுபடுதோ தெரியா" என்று முணுமுணுத்தார். இந்த ஊரில் தமிழரையும் முஸ்லிமையும் ஒன்றாக உட்கார வைப்பதற்கு எத்தனையோ பேர் கூட்டம் போடுகிறார்கள். என்னுடைய எட்டுக்கு எதிராக இருவரும் ஒரே நொடியில் ஒன்றாகிவிட்டார்கள். நான் வாதாடவில்லை. எட்டென்று நான் சொன்னது கல்லில் வெட்டினதில்லை, எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் எங்கே நின்றாலும் உடம்பு ஏற்றுக்கொள்ளும். "சரி சேர், நீங்க ரெண்டு பேரும் ஒன்பதில நிப்பாட்டுங்க" என்றேன். சேர் லெத்தீப் காக்காவைப் பார்த்து வெற்றிச் சிரிப்புச் சிரித்தார்.

"பாத்தீங்களா ஹாஜி, கடைசில விஞ்ஞானமும் நம்மட பக்கம்தான் வந்து நிக்கும்."

(லெத்தீப் காக்கா ஹஜ்ஜுக்குப் போனதேயில்லை. சேர் அதைமட்டும் ஆராயவில்லை.)

வலை வராமல்

ஜவுபர் சாய்ந்தமருதுக் கடற்கரையில் கரைவலை இழுக்கிறவன். கேபிளை இழுக்க உட்கார்ந்தானென்றால் நிறுத்தமாட்டான். பன்னிரண்டில் நிறுத்தி, பாரத்தைக் கூட்டு என்று நான் கத்துவது அவன் காதில் ஏறாது. வலை கரைக்கு வந்து சேருமுன் கயிற்றை யாராவது விடுவார்களா என்று என்னிடமே கேட்டான். இங்கே வலையுமில்லை மீனுமில்லை என்றால் சிரிக்கிறான். தோள் மட்டும் கல்லு மாதிரி. அவன் என்னிடம் வருவதே வீண், ஆனால் அதைச் சொன்னால் வராமல் விட்டுவிடுவான்.

அவன் எண்ணிக்கையைப் பற்றி லெத்தீப் காக்காவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. வேறொன்றைச் சொல்லிக்கொடுத்தான். பாரமான இழுவைக்கு வாயைத் திறந்து சத்தம் போட வேண்டும், சத்தத்தோடுதான் பலம் வரும் என்றான். அன்றிலிருந்து காக்கா ஒவ்வொரு தரம் எழும்பும்போதும் "யா அல்லாஹ்" என்று தொடங்கி ஒரு நீளமான முனகலில் கொண்டுபோய் முடிப்பார். யன்னல் திறந்திருக்கும், வீதிவரைக்கும் கேட்கும். மூன்றாம் நாள் கீழ்க்கடைச் செருப்பு முதலாளி மேலே ஏறி வந்து, பயந்த முகத்தோடு கதவில் நின்றார்.

"மாஸ்டர், மேல ஆருக்கும் புள்ளப்பேறு நடக்குதா?"

கடைசிப் பலகை

பலகைகள் குறைந்துகொண்டே வந்தன. எட்டில் தொடங்கி, சனியன் புண்ணியத்தில் ஒன்பதாகி, பன்னிரண்டு வரும், ஒரு பலகையை எடுப்பேன், மறுபடி ஒன்பது. யாருடைய புத்திமதியும் இல்லாத நாட்களில் அவருடைய தொடை நன்றாகவே தேறியது. நோன்பு நெருங்க நெருங்க ஊரே அவருக்கு நாள் கணக்குச் சொல்லத் தொடங்கியது. ஒருவர் தினமும் செய் என்றார், ஒருவர் கருஞ்சீரக எண்ணெய் தடவச் சொன்னார், ஒருவர் வயது போனால் கதிரைதான், அதில் என்ன வெட்கம் என்று கேட்டார். அந்த மூன்றாவது ஆளைத்தான் எனக்கு அடிக்கத் தோன்றியது.

கடைசிப் பலகையில் அவர் மாட்டிக்கொண்டார். குந்துவார், பாதி எழும்புவார், திரும்பப் பொத்தென்று விழுவார். ஐந்துக்கு மேல் வரவில்லை. அவ்வளவு தாழக் குந்தினால் ஏலாதென்று ஒரு பலகையைத் திரும்பப் போட்டேன். இத்தனை நாள் கழற்றியதைத் திரும்பப் போடுவது எனக்கே தாங்கவில்லை; அவருக்கு எப்படியிருக்கும்? வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேரும் ஒரு மாதத்தில் ஓடிவிடுவார்கள், அதற்கெல்லாம் நான் கவலைப்பட்டதில்லை. இந்த மனிதர் மட்டும் தோற்கக்கூடாது என்று எனக்குள் ஒரு வெறியே வந்திருந்தது. அதை முகத்தில் காட்டாமல், "இன்னும் ரெண்டு கிழமை இரிக்கி காக்கா, ஒன்பது எழும்புங்க" என்று கடுமையாகச் சொன்னேன். அவர் எழும்பவில்லை. கையை முழங்காலில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்துக் கதைத்தார்.

"ஏலாட்டி ஏலா எண்டு சொல்லிடுங்க மாஸ்டர், நான் கதிரைய மனசாரப் பழகிக்கிறன்."

வெள்ளிக்கிழமை

நான் ஏலாது என்று சொல்லவில்லை. ஒரு கிழமை கழித்து அந்தப் பலகையும் கடைசிப் பலகையும் போயின. அதற்கடுத்த கிழமை வாங்கும் போனது. தரையில் பாய் விரித்து, கையை ஊன்றி எழும்பிப் பழகினார். வந்தது, ஆனால் எல்லா நாளும் வரவில்லை.

நோன்புக்கு முந்திய கடைசி வெள்ளி, பள்ளி வாசலில் வைத்து ஷிபானிடமிருந்து கதிரையை வாங்கிச் சுவரோரம் சாத்திவிட்டு, தனியாக உள்ளே போனார். முதல் வரிசைக்கே போனார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் இடம் பிடித்தேன். வெள்ளியின் ஜும்ஆத் தொழுகைக்குள் தரையிலிருந்து முழுதாக எழும்பி நிற்க வேண்டியது ஒரே தரம்தான். குனிந்து நிற்கும் ருகூஉ முடிந்தது, மண்டியிட்டார், நெற்றியை வைத்தார், உட்கார்ந்தார், திரும்பவும் வைத்தார். இமாமின் "அல்லாஹு அக்பர்" தக்பீரோடு எல்லோரும் எழும்பினோம். அவர் பாதியில் நின்றுவிட்டார். கை தொடையில், முதுகு வளைந்தபடி, மேலேயும் போகவில்லை, கீழேயும் விழவில்லை.

ஜிம்மில் பாரத்தின் கீழே ஒருவர் தடுமாறினால் கை கொடுப்பது என்னுடைய வேலை. யோசித்துச் செய்வதில்லை, கை தானாகவே போகும். என் கை அவருடைய முழங்கையடிக்குப் போனது. தொழுகையில் நிற்கிறோம் என்று நினைவு வந்து இழுத்துக்கொண்டேன். அவர் இன்னும் ஒரு சாண் ஏறி நடுங்கினார். கை திரும்பவும் போனது. பிறகு, இழுத்துக்கொண்டேனா இல்லையா என்று எனக்கே தெரியாது, அவர் நிமிர்ந்து நின்று கையைக் கட்டிவிட்டார். இமாம் ஓதத் தொடங்கியிருந்தார். என்ன சூரா ஓதினார் என்று என்னைக் கேட்காதீர்கள், என் கண் நிறைந்திருந்தது.

ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். எனக்காகத் துஆச் செய்வார், கையைப் பிடிப்பார், இத்தனை மாதம் ஊரோடு மல்லுக்கட்டிய என்னை இந்த ஒரு மனிதராவது மெச்சுவார் என்று காத்திருந்தேன். அவர் என் காதருகே குனிந்து, கவலையான குரலில் சொன்னார்:

"மாஸ்டர், ஒங்கட கை வந்திச்சி, போச்சி, திரும்பவும் வந்திச்சி, மூண்டு. தொழுகையில மூண்டு தரம் தொடர்ந்து அசஞ்சா தொழுக முறிஞ்சி போயிடும். ஒங்களுக்கு ஜும்ஆ போச்சி, எழும்பிப் போய் அதுக்குப் பதிலா லுஹரத் தொழுங்க."

எத்தனையில் நிறுத்த வேண்டும் என்று ஊருக்கெல்லாம் ஏசி ஏசிச் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு, அன்றைக்கு இரண்டோடு நிறுத்தத் தெரியாமல் போய்விட்டது.